போர்ட்டில் இரத்தம் இழுபடவில்லை

கேள்வி: அம்மாவின் நெஞ்சில் கீமோவுக்காகப் போர்ட் (தோலுக்கடியில் இருந்து இரத்தக்குழாய்க்குள் மருந்து ஏற்றும் சிறு கருவி) வைத்திருக்கிறது. சேலைன் தாராளமாகப் போகிறது, இரத்தம் மட்டும் திரும்பி வருவதில்லை. அப்படியே மருந்து ஏற்றலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: காரணம் தெரியும்வரை ஏற்றக் கூடாது. பெரும்பாலும் குழாய் நுனியில் ஃபைப்ரின் (இரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப்புரதம்) படலமாகப் படிந்து, இழுக்கும்போது மட்டும் வாயை அடைக்கும். போர்ட்டில் குத்தும் ஹியூபர் ஊசி சரியாக இறங்காவிட்டாலும் இப்படித்தான். அப்போது டொக்சோரூபிசின் போன்ற கீமோ மருந்து தோலுக்கடியில் கசிந்து சதையையே அரித்துவிடும். முதலில் கையை உயர்த்தச் சொல்வார்கள், இருமச் சொல்வார்கள். பிறகு 10 மில்லிலீற்றர் சிரிஞ்சால் சேலைனை விட்டுவிட்டுத் தள்ளுவார்கள். சின்னச் சிரிஞ்சில் அழுத்தம் கூடிக் குழாய் கிழியலாம். மசியாவிட்டால் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் அல்டெப்ளேஸ் மருந்தை 2 மில்லிகிராம் உள்ளே நிறுத்தி, 30 நிமிடம் கழித்து இழுத்துப் பார்ப்பார்கள். அதுவும் சரிவராவிட்டால் எக்ஸ்ரே. ஏற்றும்போது எரிந்தாலோ வீங்கினாலோ, அம்மா பொறுத்துக்கொண்டிருக்காமல் உடனே தாதியைக் கூப்பிடட்டும்.