‘பிறகு பாப்பம்’: படப்பிடிப்பு வேலை பற்றிய வாசகர் கேள்விகள்

குறும்படம், பாடல் காணொளி, வலைத்தொடர், புலம்பெயர் தொலைக்காட்சிகளுக்கான நிகழ்ச்சி என்று யாழ்ப்பாணத்தில் கமராவுக்குப் பின்னால் நின்று உழைப்பவர்கள் கூடிவிட்டார்கள். இம்முறை அவர்களின் கேள்விகளை எடுத்திருக்கிறோம்.

வலைத்தொடர் ஒன்றில் 11 நாள் உதவிக் கமராவாக வேலை செய்தேன். நாளுக்கு 6,000 ரூபா என்று பேச்சு. 15,000 முற்பணம் தந்தார்கள். மிச்சத்தைக் கேட்டால் ‘படம் விற்கட்டும் தம்பி, பிறகு பாப்பம்’ என்கிறார் தயாரிப்பாளர். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை, வட்ஸ்அப்பில் பேசியதுதான். என்ன செய்யலாம்?
– வாசகர், கொக்குவில்

ஒப்பந்தம் இல்லை என்று நீங்களாகவே முடிவுகட்ட வேண்டாம். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், அதை நிரூபிப்பதில்தான் சிரமம். ‘நாளுக்கு 6000, ஓகே?’ என்று அவர் எழுதி நீங்கள் ‘ஓம்’ என்று பதில் போட்ட ஒரு வரி இருந்தால், பாதி வேலை முடிந்தது. படம் விற்றால்தான் சம்பளம் என்று வேலை தொடங்கமுன் பேசவில்லையென்றால், வேலை முடிந்தபிறகு அந்த நிபந்தனையை அவர் தனியாகச் சேர்க்க முடியாது. அவர் தரவேண்டியது 51,000 ரூபா.

முதலில் சாட்சியங்களைக் காப்பாற்றுங்கள். அந்த உரையாடல் முழுவதையும் ‘எக்ஸ்போர்ட்’ செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். போன் தொலைந்தால் எல்லாம் போய்விடும். முற்பணம் வந்த வங்கிக் குறிப்பு, எத்தனை மணிக்கு எங்கே வரவேண்டும் என்று தந்த நாளாந்த அழைப்புத்தாள், நீங்கள் தளத்தில் நிற்கும் படங்கள், உடன் வேலை செய்த இருவரின் பெயர் ஆகியவற்றை 11 நாளுக்கும் திகதிவாரியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு ஒரு பக்கக் கடிதம்: எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, என்ன வேலை, பேசிய தொகை, பெற்ற தொகை, மிச்சம், 14 நாள் அவகாசம். கோபமான சொல் ஒன்றும் வேண்டாம். பதிவுத்தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு இணைத்து வையுங்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு வழி. நிறுவனம் சொன்ன நேரத்துக்கு வந்து, அவர்களின் கருவியில், அவர்களின் கட்டளைப்படி வேலை செய்திருந்தால் நீங்கள் ஊழியர் என்று வாதிடலாம். யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். சொந்தக் கமராவோடு வந்து கட்டணம் பேசிச் செய்தவர் என்றால் மத்தியஸ்த சபை, அதற்குப் பிறகு நீதிமன்றம். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போட எங்கள் காலவரையறைச் சட்டம் தருவது ஒரு வருடம். ‘பிறகு பாப்பம்’ என்பதைப் பத்து மாதம் நம்பியிருப்பவர் தன் உரிமையின் பெரும்பகுதியைக் கரைத்துவிட்டார். காட்சிகள் உள்ள ஹார்ட் டிஸ்கைப் பிடித்துவைத்துக்கொண்டு பேரம் பேசவும் வேண்டாம். காசு கேட்கவேண்டிய நீங்களே பொலிஸில் பதில் சொல்லும் நிலை வந்துவிடும்.

நாங்கள் மூன்று பேர் நடத்தும் சிறிய தயாரிப்பு நிறுவனம். எடிற்றர் மாதச் சம்பளத்துக்கு வருகிறார். ‘நீங்கள் ஃப்ரீலான்ஸ்’ என்று கடிதம் கொடுத்திருக்கிறோம். ஈ.பி.எஃப். கட்டவேண்டுமா?
– வாசகி, திருநெல்வேலி

கட்டவேண்டும். கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. காலை 9 மணிக்கு உங்கள் கதவைத் திறந்து, உங்கள் கணினியில், நீங்கள் சொல்லும் வேலையை மாதம் முழுக்கச் செய்பவர் உங்கள் ஊழியர். ஊழியர் சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே பொருந்தும். ஊழியர் ஒருவர் மட்டும் என்றாலும், தற்காலிகமானவர் என்றாலும் விலக்கில்லை. 60,000 ரூபா சம்பளம் என்றால் அவரின் 8 வீதம் 4,800. உங்கள் 12 வீதம் 7,200. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு உங்கள் 3 வீதம் 1,800. ஆக, சம்பளத்துக்கு மேல் உங்கள் கையிலிருந்து 9,000. இதைப் படத்தின் வரவுசெலவில் முதலிலேயே எழுதினால் பாரமாகத் தெரியாது. ஐந்து வருடத்தின் பின் மொத்தமாக, மிகைக்கட்டணத்தோடு வரும்போதுதான் நிறுவனமே ஆட்டம் காணும்.

தேநீர் கொடுக்க, வயர் இழுக்க என்று கூப்பிடும் பொடியளுக்கு ‘பெயர் போடுறம், அனுபவம் கிடைக்கும்’ என்பது சம்பளமாகாது. 2025இல் திருத்திய சட்டப்படி 2026 ஜனவரி முதல் தேசியக் குறைந்தபட்ச வேதனம் மாதம் 30,000, நாளுக்கு 1,200 ரூபா.

நாட்கூலிக்கு வருபவர்களுக்கும் ஒரு பக்கத் தாள் எழுதுங்கள். வேலை, திகதிகள், நாட்தொகை, ஒரு ‘நாள்’ எத்தனை மணித்தியாலம், மேலதிக மணிக்கு எவ்வளவு, சாப்பாடும் போக்குவரத்தும் யார் பொறுப்பு, மழையால் நின்றால் என்ன கொடுப்பனவு, கடைசிக் காசு எந்தத் திகதியில். நவம்பர் மாதத்தில் இங்கே படம் எடுப்பவர் மழை பற்றிய வரியை விட்டுவிட்டால் நிச்சயம் சண்டை வரும்.

பழைய நாற்சார் வீடொன்றில் இரவுக் காட்சி எடுக்கப்போகிறோம். 1000 வாட் லைற் நான்கு. வீட்டுக்காரர் ‘எங்கட பிளக்கிலயே குத்துங்கோ’ என்கிறார். ஜெனரேட்டரும் வாடகைக்குக் கிடைக்கும். எது நல்லது?
– வாசகர், அச்சுவேலி

வீட்டுப் பிளக்கில் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். எங்கள் மின்சாரம் 230 வோல்ட். 4000 வாட்டை 230ஆல் பிரித்தால் 17 அம்பியருக்கு மேல். பழைய வீடுகளின் 5 அம்பியர் பிளக் தாங்குவது 1150 வாட், அதாவது ஒரே ஒரு லைற். நான்கையும் மல்ரி பிளக் ஒன்றில் சேர்த்தால் சுவருக்குள் ஓடும் பழைய வயர் சூடேறும். அந்தச் சூடு கண்ணுக்குத் தெரியாது. மீற்றருக்கு முன்னால் இருந்து நேரடியாகக் கொழுவி எடுப்பது குற்றமும் ஆகும், உயிரும் போகும்.

ஜெனரேட்டர் எடுப்பதென்றால் 5 கே.வி.ஏ. என்று எழுதியிருப்பது உண்மையில் 4000 வாட் அளவுதான் தரும். அதன் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது. ஆகவே உங்களுக்கு அதைவிடப் பெரியது வேண்டும், அல்லது எல்இடி லைற்றுக்கு மாறவேண்டும். எல்இடி என்றால் பாரமும் சூடும் ஒன்றாகக் குறையும். வாடகை சற்றுக் கூடினாலும் எங்கள் யோசனை அதுதான்.

ஜெனரேட்டரை நாற்சாரின் முற்றத்துக்குள் வைக்கவே வேண்டாம். மேலே வானம் தெரிந்தாலும் நாலு பக்கமும் சுவர்; புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டுக்கு வெளியே, யன்னல் கதவிலிருந்து 20 அடிக்கு அப்பால், காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத திசையில், புகைக்குழாய் வெளியே பார்க்க வையுங்கள். பெற்றோல் ஊற்றுவது நிறுத்தி ஆறவிட்டபின்.

30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றை ஜெனரேட்டருக்கும் லைற்றுக்கும் இடையில் போடுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிறிய ஜெனரேட்டர்களில் நியூற்றல் பூமியோடு இணைக்கப்படாமல் இருக்கும். அப்படியானால், பழுதான லைற்றின் உடலில் மின்சாரம் இருந்தாலும் ட்ரிப் விழாது. எலெக்ட்ரீசியன் ஒருவரைக் கொண்டு இணைப்பையும் பூமிக்கம்பியையும் சரிபார்த்தபின்பே மற்றவர்கள் கைவைக்கலாம்.

வயர் சுற்றியிருக்கும் உருளையை முழுவதும் இழுத்து விரியுங்கள். சுற்றியபடியே பாரம் ஏற்றினால் உள்சுற்றுகள் உருகி ஒட்டிக்கொள்ளும். 1000 வாட் பல்பு கிடுகு வேலி, ஓலைத் தாழ்வாரம், யன்னல் சேலை எதற்கும் ஒரு மீற்றருக்குக் கிட்ட வரக்கூடாது. பக்கத்தில் மணல் வாளியும் உலர்தூள் தீயணைப்பானும் இருக்கட்டும். மின்தீக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

ஸ்ராண்டின் கால்களில் உயரமான கால், லைற் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு நேர்கீழே வரவேண்டும். கோதுமை மாப் பையில் 10 கிலோ மணல் கட்டி அந்தக் காலின் மேல் தொங்கவிடுங்கள். மற்றக் காலில் போட்டால், சாயும்போது பை உதவாது.

கதாநாயகி கிணற்றுக்குள் குதிக்கும் காட்சி. எங்கள் தோட்டக் கிணறு ஆழமில்லை. பம்ப் வைத்துத் தண்ணீரைக் குறைத்துவிட்டு எடுக்கலாமா?
– வாசகர், புன்னாலைக்கட்டுவன்

வேண்டாம். பெற்றோல் பம்ப்பைக் கிணற்றுக்குள் இறக்கினால் புகை அடியிலேயே தங்கும். இறங்குபவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்குபவரும் மயங்குவார். தண்ணீரைக் குறைத்தால் குதிப்பவருக்குக் கல்தான் மிஞ்சும். கட்டின் மேல் ஏறுவதைக் கிணற்றில் எடுங்கள், இடுப்பில் கயிற்றுப் பட்டியோடும் பின்னால் பிடிக்க இருவரோடும். குதிப்பதை, தரையில் அதே அளவில் கட்டிய பொய்க் கட்டுக்குப் பின்னால் தடித்த மெத்தைகள் போட்டு எடுங்கள். கல் ஒன்றைப் போட்டுத் தண்ணீர்ச் சத்தத்தைத் தனியாகப் பதியுங்கள். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

முகமாலைப் பக்கம் வெளிக்காட்சி பார்த்து வைத்திருக்கிறோம். ஏதும் கவனிக்கவேண்டுமா?
– வாசகர், பளை

கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்துவரும் பிரதேசம் அது. சிவப்பு மண்டையோட்டுப் பலகையைத் தாண்டி ஒரு அடியும் வைக்கவேண்டாம். ‘பிரேமுக்கு அழகு’ என்று பற்றைக்குள் இறங்கவும் வேண்டாம். கிராம அலுவலரிடமும் பொலிஸிடமும் கேட்டு, பயன்பாட்டில் உள்ள வீதியையும் வளவையும் மட்டும் பாவியுங்கள். இரும்புத்துண்டு ஏதும் கண்டால் தொடாமல் அறிவியுங்கள்.

லண்டனிலிருந்து காசு போடும் ஒருவரின் படம். காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணி வரை. அடுத்த நாளும் 5 மணி. ‘ஐந்து நாளில முடிக்கவேணும்’ என்கிறார்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று பயமாக இருக்கிறது.
– உதவி இயக்குநர் ஒருவர், வல்வெட்டித்துறை

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் 18 மணித்தியால வேலைக்குப் பின் மோட்டார் சைக்கிளில் வீடு போவதற்கு அதைவிடக் கூடப் பயப்படவேண்டும். 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் கவனம், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு மங்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தளத்திலும் அப்படித்தான்: கொழுக்கியைப் பூட்ட மறப்பதும் ஏணியில் கால் தவறுவதும் பெரும்பாலும் கடைசி மணித்தியாலங்களில். 2020 பெப்ரவரியில் சென்னைக்கு அருகே ‘இந்தியன் 2’ தளத்தில் கிரேன் சரிந்து மூவர் இறந்ததும் இரவு வேளையில்தான்.

காசு போடுபவர் வாழும் பிரித்தானியாவில் ஒரு வேலைநாளுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 11 மணித்தியால ஓய்வு சட்டம். அங்கே தன் ஊழியருக்குக் கொடுக்கவேண்டியதை இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அதை அவருக்கு அப்படியே எழுதலாம். தனியாக அல்ல, எல்லாத் துறையினரும் கையொப்பமிட்டு: நாள் 12 மணித்தியாலம், இடையில் 11, ஆறு மணித்தியாலத்துக்குள் சாப்பாடு, 12 மணித்தியாலத்துக்கு மேல் போனால் தங்குமிடம் அல்லது சாரதியோடு வான். ஐந்து நாள் கால அட்டவணை பொருந்தாவிட்டால் வெட்டவேண்டியது காட்சியைத்தான்.

வெயில் காலத்தில் 11 மணி முதல் 3 மணி வரை உள்காட்சிகளை வையுங்கள். வெளியில் பாரம் தூக்குபவருக்கு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றரளவு குடிதண்ணீர் கணக்கிட்டு வாங்குங்கள். தளத்துக் கிணற்று நீரை நம்பவேண்டாம். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) பைக்கற் சில பெட்டியில் இருக்கட்டும்.

நடிப்புத் தெரிவுக்கு ஹோட்டல் அறைக்கு வரச் சொல்கிறார்கள். மறுத்தால் ‘துறைக்குப் பொருத்தமில்லை’ என்கிறார்கள். தளத்திலும் உடுப்பு மாற்ற இடமில்லை, வானுக்குள் மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகி, யாழ்ப்பாணம்

மறுத்தது சரி. தெரிவு பகல் நேரத்தில், அலுவலகத்திலோ மண்டபத்திலோ, இன்னொரு பெண் இருக்க, வசனத்தை முன்கூட்டியே அனுப்பி நடக்கவேண்டும். துணைக்கு ஒருவரை அழைத்துவருவேன் என்று எழுதுங்கள். அதற்கு வரும் பதிலே ஆளைக் காட்டிவிடும். உடுப்பு மாற்றும் இடத்துக்கு உள்ளே கொண்டி, கண்ணாடி, கைபேசி கொண்டுபோகாத காவல் வேண்டும். பக்கத்து வீட்டில் ஓர் அறையை நாள்வாடகைக்கு எடுப்பது தயாரிப்பாளருக்குப் பெரிய செலவல்ல. தொடும் காட்சி இருந்தால் எது, எதுவரை என்று முன்னரே எழுத்தில் வேண்டும். தளத்தில் வந்து ‘இன்னும் கொஞ்சம்’ என்பதை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

சொல்லாலோ செயலாலோ பாலியல் தொல்லை தருவது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம். ஐந்து வருடம் வரை சிறை. மேலதிகாரத்தைப் பயன்படுத்தி வேலைத்தளத்தில் செய்வதும் அதற்குள் அடங்கும். திகதி, நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். பெண்கள் உதவி இலக்கம் 1938.

மகளுக்கு 9 வயது. தொடரில் நடிக்கக் கேட்கிறார்கள்.
– ஒரு தாய், மானிப்பாய்

2021 முதல் 16 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு அமர்த்துவதற்குச் சட்டத் தடை உண்டு. ஆகவே, படப்பிடிப்புத் திட்டத்தைத் தயாரிப்பாளர் தொழில் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பதிலும் எழுத்தில் பெற்றபின்பே பேச்சு. பாடசாலை நாளில் வேண்டாம், இரவில் வேண்டாம். பிள்ளை எந்நேரமும் உங்கள் கண்ணில் படவேண்டும். அழும் காட்சிக்கு உண்மையாக அடித்தோ பயமுறுத்தியோ எடுப்பவரிடமிருந்து அந்த இடத்திலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சிறுவர் பாதுகாப்பு இலக்கம் 1929.

லைற் வேலை செய்யும் தம்பி ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்தது. நிறுவனம் 20,000 ரூபா தந்து ‘இதோட முடிப்பம்’ என்று கையெழுத்துக் கேட்கிறது.
– வாசகர், சுன்னாகம்

கையெழுத்து வேண்டாம். கடமையின்போது நடந்த விபத்துக்கு வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கோரலாம். எவ்வளவு என்பது காயத்தின் தன்மையையும் சம்பளத்தையும் பொறுத்தது. நிறுவனம் மனம்போல் சொல்லும் தொகையல்ல. யாழ் போதனா வைத்தியசாலையில் ‘வீட்டில் விழுந்தது’ என்று எழுதப்பட்டிருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். வேலைத்தளம், திகதி, நேரம் பதிவில் இருக்கவேண்டும். டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்றே, மருந்துப் பற்றுச்சீட்டு, ஏணியின் படம், பார்த்த இருவரின் பெயர், அந்த மாதச் சம்பளச் சான்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். நிறுவனம் தந்த 20,000ஐத் தம்பி திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. ‘சிகிச்சைச் செலவுக்குப் பெற்றேன், மிகுதி நட்டஈட்டுக்கு உட்பட்டது’ என்று எழுதிப் பற்றுச்சீட்டுக் கொடுக்கட்டும்.