பயந்தால் விசுவாசம் இல்லையா?

ஐயா, வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். கணவருக்கு ஒப்பந்த வேலை போய் சில மாதங்கள் ஆகின்றன. 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததிலிருந்தே வானம் இருட்டினால் எனக்கு நெஞ்சு படபடக்கும். இப்போது தூக்கமும் இல்லை. அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டம்) சொன்னேன். "விசுவாசம் இருந்தால் பயம் வராது" என்றார் ஒருவர். அதிலிருந்து ஜெபிக்கவே கூச்சமாக இருக்கிறது. மகன் டிப்ளமோ படிக்க ஆசைப்படுகிறான். இந்த நிலைமையில் அதையெல்லாம் யோசிக்கலாமா?
– வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரி,

அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் அதை நான் ஏற்கவில்லை. கைதாவதற்கு முன் ஜெபித்த கெத்சமனியில் இயேசுவே திகிலும் கலக்கமும் அடைந்தார் என்று மாற்கு நற்செய்தி 14-ஆம் அதிகாரம் ஒளிக்காமல் சொல்கிறது. 88-ஆம் திருப்பாடலைப் படியுங்கள், புலம்பியபடியே முடிந்துவிடும். அதையும் திருச்சபை ஜெபமாகத்தான் வைத்திருக்கிறது. பயத்தோடேயே ஜெபியுங்கள், கூச்சம் வேண்டாம்.

அப்புறம், இறைவாக்கினர் எரேமியாவின் நூல், 32-ஆம் அதிகாரம். எருசலேமைப் பாபிலோன் படை சூழ்ந்து நிற்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவலில் கிடக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பங்காளி ஒருவர் வந்து, அனத்தோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். எதிரி கைக்குப் போகப்போகிற நிலம்! எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த நகலையும், நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்த நாட்டில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்குவார்கள் என்பது ஆண்டவரின் வாக்கு. பத்திரம் முடிந்த கையோடு எரேமியா செய்த ஜெபத்தைப் பாருங்கள்: ஊரே பறிபோகும்போது என்னை நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று கேட்கிறார். குழப்பம் தீரவில்லை, ஆனால் பணத்தைக் கொடுத்துவிட்டார்.

நகரம் விழத்தான் செய்தது. எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த நிலத்தில் அவர் உழுததாக வேதத்தில் எங்கும் இல்லை. எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொள்வதைக் கிறிஸ்தவ நம்பிக்கை என்று நான் நினைக்கவில்லை. இயேசுவுக்கே சிலுவை விலகவில்லை. கல்லறைக்கு அப்பால்தான் தந்தை அவரை எழுப்பினார். நாம் பற்றிக்கொள்வது அவரைத்தான்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மண்ணில் மறுபடியும் கன்று வைத்தார்கள். பலா காய்க்க வருஷங்கள் ஆகும், இடையில் எந்தப் புயலும் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மகனை விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் குறைவு. உதவித்தொகைக்கும் சேர்த்து விசாரியுங்கள். வேலை போன விஷயத்தைப் பங்குத்தந்தையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தூக்கம் இப்படியே கெட்டுக்கொண்டிருந்தால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.