பழைய ரேஞ்ச்ஃபைண்டருக்கு வைடும் டெலியும்: காசை எதில் போடலாம்?

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பாவின் கேனன் பி ஃபிலிம் கேமரா, 50 எம்.எம். எஃப்/1.8 லென்ஸோடு என் கைக்கு வந்திருக்கிறது. பெரிய கோயில், திருவாரூர்த் தேர், நடவு வயல் எல்லாம் எடுக்க ஒரு வைடு லென்ஸும், வீட்டில் இருப்பவர்களை முகம் பார்த்து எடுக்க ஒரு சின்ன டெலியும் வேண்டும். லைக்கா விலைக்கெல்லாம் வழியில்லை. ரஷ்யாவின் ஜூபிட்டர் 35, 85 இரண்டும் இணையத்தில் சல்லிசாகக் கிடைக்கின்றன. நண்பர் ஒருவர் சீன லென்ஸ் வாங்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்?"

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். வைடு லென்ஸுக்குக் கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்யுங்கள். டெலிக்குக் கஞ்சத்தனம் பண்ணுங்கள்; எஃப்/3.5, எஃப்/4 என்று இருக்கும் பழைய லென்ஸே உங்களுக்குப் போதும் (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). ஜூபிட்டர் இரண்டையும் விட்டுவிடலாம்.

உங்கள் கேனன் பி ஒரு ரேஞ்ச்ஃபைண்டர். ஃபைண்டர் என்ற தனி ஜன்னலில் பார்த்து, இரட்டையாகத் தெரியும் உருவத்தை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் பண்ணும் வகை. லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமராவில் இருப்பதுபோல ஏறி இறங்கும் கண்ணாடி இதற்குள் கிடையாது. அதனால் லென்ஸின் பின்பகுதி ஃபிலிமுக்கு மிக அருகே வரை போகலாம். வைடு லென்ஸ் வடிவமைப்பவருக்கு இது பெரிய சௌகரியம். கண்ணாடிக்கு இடம் விட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் லென்ஸ் சின்னதாக இருக்கும், கோடுகள் வளையாமல் வரும். 1950களில் செய்த வைடு லென்ஸ்கூட இன்றும் கௌரவமான படம் தருவது இதனால்தான்.

டெலியில் கதை தலைகீழ். எஸ்.எல்.ஆரில் டெலியை மாட்டினால் கண்ணுக்குத் தெரியும் காட்சியும் பெரிதாகும். இங்கே ஜன்னல் அதே ஜன்னல்தான். நடுவில் ஒரு சின்னச் சட்டம், அதற்குள் அடங்குவதுதான் படம். லென்ஸ் நீளமானால் ஃபோகஸ் துல்லியம் தானாகக் கூடிவிடாது. ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு ஜன்னல்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கி வரும் தொகைதான் அதைத் தீர்மானிக்கிறது. உங்கள் கேமராவில் அந்தத் தூரம் 41 எம்.எம்., உருப்பெருக்கம் ஒன்றுக்கு ஒன்று, ஆக முழு 41ம் கிடைக்கிறது. இந்த எண் கூடக்கூடத் துல்லியம் கூடும்; லைக்கா எம்3இல் இது சுமார் 62. 1959இல் கேனன் பியை வெளியிட்டபோது 35, 50, 100 என்று மூன்று சட்டங்களோடு கேனன் நிறுத்திக்கொண்டது. எனவே 135 எம்.எம். லென்ஸ் எவ்வளவு மலிவாக வந்தாலும் ஆசைப்படாதீர்கள்.

சரி, நண்பர் சொன்ன சீன லென்ஸுக்கு வருவோம். செவன்ஆர்டிசன்ஸ், டிடிஆர்டிசன் போன்றவை ரேஞ்ச்ஃபைண்டருக்கென்று செய்பவை பெரும்பாலும் லைக்கா எம் மௌண்ட், அதாவது திருப்பிப் பூட்டும் வகை. உங்களுடையது 39 எம்.எம். மரை மௌண்ட், திருகி மாட்டுவது. மரை லென்ஸை ஒரு வளையம் போட்டு எம் கேமராவில் மாட்டலாம். எம் லென்ஸை மரை கேமராவில் மாட்ட வழியே இல்லை. நண்பரிடம் எம் மௌண்ட் கேமரா இருந்தால் அவர் சொல்வது அவருக்குச் சரி.

இந்த 39 எம்.எம். மரையிலேயே இன்னொரு வலை இருக்கிறது. ரஷ்ய ஜெனிட் எஸ்.எல்.ஆர். கேமராக்களின் பழைய லென்ஸ்களும், ஃபிலிமைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரின் லென்ஸ்களும் இதே அளவு மரையில் வந்தவை. திருகினால் ஏறிவிடும், ஆனால் ஃபோகஸ் ஆகாது. மௌண்டிலிருந்து ஃபிலிம் வரை உங்கள் கேமராவில் 28.8 எம்.எம்., ஜெனிட்டில் 45.2. ஜூபிட்டர் 85 ஜெனிட்டுக்கென்றும் வந்திருக்கிறது, பெயரும் அதே பெயர். விற்பவர் "எம்39" என்று மட்டும் எழுதியிருந்தால் லென்ஸின் பின்பக்கப் படம் கேளுங்கள். கேமராவுக்குள் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் தள்ளுவதற்கான உலோக வளையம் பின்னால் தெரிந்தால்தான் அது ரேஞ்ச்ஃபைண்டருக்கானது.

அசல் ரேஞ்ச்ஃபைண்டர் ஜூபிட்டராகவே இருந்தாலும் 85ஐ ஏன் வேண்டாம் என்கிறேன்? எஃப்/2 என்ற எண்ணும் விலையும் யாரையும் மயக்கும்தான். ஆனால் சோவியத் லென்ஸ்களின் ஃபோகஸ் கணக்கு ஜெர்மனியின் கான்டாக்ஸ் அளவிலிருந்து வந்தது. கேனன் லைக்கா அளவைப் பின்பற்றியது. இரண்டுக்கும் ஒரு எம்.எம்.கூட வித்தியாசமில்லை. தூரத்தில் அது தெரியாது. 35 எம்.எம். லென்ஸில் பக்கத்திலும் தெரியாது. 85ஐ எஃப்/2இல் திறந்து ஒன்றரை மீட்டரில் ஒரு முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழமே நான்கு சென்டிமீட்டருக்குள். கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் மூக்கிலோ காதிலோ போய் நிற்கும். இதை மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்யலாம், ஆனால் அந்தச் செலவையும் கூட்டினால் சல்லிசு என்ற பேச்சே அடிபட்டுப் போகிறது.

ஜூபிட்டர் 35இன் சிக்கல் வேறு. அதன் பின்கண்ணாடி கேமராவுக்குள் ரொம்ப ஆழமாக நீட்டிக்கொண்டிருக்கும். சில கேமராக்களில் உள்ளே எதிலாவது இடிக்கும். உங்கள் கேமராவின் ஷட்டர் திரை மெல்லிய எஃகுத் தகடு. வெயில் பட்டுத் துணித் திரைபோலப் பொசுங்காது என்பது நல்லதுதான். ஆனால் விரல் பட்டாலே மடிப்பு விழும். அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும் லென்ஸைச் சோதனைக்கென்று திருகிப் பார்க்க நான் துணிய மாட்டேன்.

இனி வைடு. 35 எம்.எம்.மில் கேனனின் எஃப்/2.8 லென்ஸைத் தேடுங்கள். சின்னது, நிறையத் தயாரானது, அதே குடும்பத்தின் எஃப்/1.8, எஃப்/2 லென்ஸ்களைவிட விலை குறைவு. கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் கொசினா நிறுவனம் ஃபோக்ட்லேண்டர் பெயரில் மரை மௌண்டில் செய்த கலர்-ஸ்கோபார் 35 எம்.எம். எஃப்/2.5. இது பழைய லென்ஸ் அல்ல, புதுக் காலத்துப் பூச்சு. எதிர்வெயிலில் படம் வெளிறாது. ஆற்று மணலிலும் நீர் நிற்கும் வயலிலும் வெளிச்சம் கீழிருந்தும் அடிக்கும் நம் பக்கத்துக்கு இது சின்ன விஷயமில்லை. என் காசாக இருந்தால் இதில்தான் போடுவேன்.

ஆனால் மூக்குக்கண்ணாடி போடுபவரா நீங்கள்? கேனன் பியின் ஃபைண்டர் ஒன்றுக்கு ஒன்று என்பதால் 35இன் சட்டம் ஜன்னலின் ஓரத்தை ஒட்டி நிற்கும். கண்ணாடியோடு பார்த்தால் நான்கு மூலையும் ஒரே பார்வையில் தெரியாது. பழகிக்கொள்ளலாம், இல்லையென்றால் மேலே செருகும் தனி 35 ஃபைண்டர் ஒன்று வாங்கலாம். ரஷ்யர்கள் 28 முதல் 135 வரை ஐந்து லென்ஸுக்குத் திருப்பிக்கொள்ளும் ஃபைண்டர் ஒன்றைச் செய்தார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும்.

35 போதுமா, 28 வேண்டுமா என்பதற்குப் பெரிய கோயிலையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். விமானம் 200 அடிக்கு மேல். கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்னால் சாய்ந்த மாதிரி வரும். நேராகப் பிடித்து, நெட்டுவாக்கில் எடுத்து, உச்சிவரை சட்டத்துக்குள் கொண்டுவர 35 லென்ஸில் கிட்டத்தட்ட 120 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 28இல் 95 மீட்டர் போதும். கோயிலின் உள்வெளி நீளமானது, கிழக்கு வாயில் பக்கம் போனால் 35லேயே சமாளிக்கலாம், நந்தி மண்டபம் குறுக்கே வருவதைப் பொறுத்துக்கொண்டால். தாராசுரம் மாதிரி சின்ன இடத்திலும் கும்பகோணத்துச் சந்துகளிலும்தான் 28இன் அருமை தெரியும். கேனன் 28 எம்.எம். எஃப்/3.5 நல்ல லென்ஸ்தான், ஆனால் அதற்கு உங்கள் ஃபைண்டரில் சட்டம் இல்லை. லென்ஸ் விலையோடு ஃபைண்டர் விலையும் சேரும். முதல் வைடு 35ஆக இருக்கட்டும்.

திருவிழாக் கூட்டத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் யோசனை. ஃபோக்ட்லேண்டரின் மரை மௌண்ட் 25 எம்.எம். எஃப்/4 லென்ஸுக்கு ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பே கிடையாது. குறையாகத் தெரியும், ஆனால் எஃப்/8இல் வைத்து ஃபோகஸை 2.6 மீட்டரில் நிறுத்தினால் 1.3 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை எல்லாம் தெளிவு. ஆழித்தேர் வடத்தைப் பிடித்து இழுக்கும் கூட்டத்துக்குள் நிற்பவருக்கு ஃபோகஸ் பார்க்க ஏது நேரம்? இதே வித்தையை 35லும் செய்யலாம்: எஃப்/8, 5 மீட்டர், இரண்டரை மீட்டரிலிருந்து தெளிவு. அதனால் 25 அவசரமில்லை.

டெலிக்கு என் முதல் சிபாரிசு கேனன் 100 எம்.எம். எஃப்/3.5. உங்கள் ஃபைண்டரில் அதற்கென்றே சட்டம் இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கும், கேனன் டெலிகளில் விலை குறைந்தவற்றில் ஒன்று. அது அமையாவிட்டால் லைக்காவைச் செய்த லைட்ஸ் நிறுவனத்தின் எல்மார் 90 எம்.எம். எஃப்/4 மரை மௌண்டில். லைக்கா பெயர் தாங்கிய லென்ஸ்களில் ஏழைக்கு எட்டுவது இதுதான். போருக்குப் பின் வந்த, பூச்சு உள்ளதாகப் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்தால் கண்ணாடி நீலம் அடிக்கும். 100இன் சட்டத்தை வைத்தே எடுக்கலாம், ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக விழும், அவ்வளவுதான்.

எஃப்/3.5 இருட்டு இல்லையா என்று கேட்பீர்கள். ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமை வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் நின்றால் எஃப்/11க்கே ஷட்டர் 1/1000 கேட்கும். கேனன் பியின் உச்ச வேகமே அதுதான். எஃப்/2 இருந்தும் திறக்க முடியாது. திண்ணை நிழலில் பாட்டியை உட்கார வைத்தாலும் எஃப்/5.6க்கு 1/500, எஃப்/4க்கு 1/1000 என்றுதான் வரும். 100 எம்.எம்.மைக் கை நடுங்காமல் பிடிக்க 1/125 போதும், ஆக வெளிச்சம் மிச்சம்தான். இருட்டில் திண்டாடுவது பிராகாரத்துக்குள்தான். அங்கே மாட்டப்போவது வைடு, அதை 1/30இலும் கையில் பிடிக்கலாம். வெளிச்சம் வாங்கும் லென்ஸுக்குக் கொடுக்கும் காசு வைடுக்குப் போகட்டும் என்று சொல்வது இதனால்தான்.

டெலி ஆர்டர் போடுமுன் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். டெல்டாவில் இது சுலபம், ஊரே தட்டை. வயல்வெளியில் நின்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளித் தெரியும் ஏதாவதொரு கோபுரக் கலசத்தைப் பாருங்கள். லென்ஸ் முடிவிலியில் நிற்கும்போது இரட்டை உருவம் ஒன்றாகச் சேர வேண்டும். மேலும் கீழுமாகப் பிரிந்தாலும் சரிசெய்யக் கொடுக்க வேண்டியதுதான். பக்கத்துக்கு, ஒரு நாளிதழைச் சாய்த்து வைத்து ஒன்றரை மீட்டரிலிருந்து உங்கள் 50ஐ எஃப்/1.8இல் திறந்து ஒரு படம். குறி வைத்த வரிதான் தெளிவாக விழுந்திருக்க வேண்டும்.

அந்த 50 லென்ஸையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கேனனின் மரை மௌண்ட் 50 எஃப்/1.8க்கு அப்பர்ச்சருக்குப் பின்னாலுள்ள கண்ணாடியில் புகைபோல மங்கல் படிவது தெரிந்த நோய். முற்றிவிட்டால் கண்ணாடியையே அரித்துவிடும், துடைத்தாலும் போகாது. வாங்கப்போகும் லென்ஸுக்கும் டார்ச் அடித்த படம் கேளுங்கள். முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் இருந்தால் பேரம் பேசலாம்; மங்கலும் நூல்போலப் பரவிய ஃபங்கஸும் இருந்தால் வேண்டாம். ஜப்பானிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும் என்பதை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபங்கஸ் நம் பக்கத்தில் தானாக வரும். கேமராவைத் தோல் உறைக்குள் வைக்காதீர்கள், ஈரம் அங்கேதான் தங்கும். அரிசிப் பானைக்குள் புதைக்கும் பழக்கமும் வேண்டாம்; நம் ஊரில் அரிசிக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் தவிட்டுத் தூசி ஃபோகஸ் மரைக்குள் போய்விடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நீலம் வெளிறி ரோஸ் நிறமானால், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி போட்டுக்கொள்ளலாம்.