ஜரியா நெருப்பில் பங்கு வாங்கலாமா?

கேள்வி: ஜார்க்கண்டில் பூமிக்கடியில் எரியும் நிலக்கரியின் சூட்டை மின்சாரமாக்கும் திட்டமாம். 3 லட்சம் போட்டால் மாதாமாதம் வருமானம் என்கிறார் பாளையங்கோட்டை ஏஜென்ட் ஒருவர். பணிக்கொடைப் பணத்தைப் போடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: போடாதீர்கள்.

ஜார்க்கண்டின் ஜரியா நிலக்கரிப் பகுதியில் 1916 முதல் நெருப்பு எரிவது உண்மைதான். மழை பெய்தால் தரையிலிருந்து ஆவி கிளம்பும். வெடிப்போரம் நின்றால் செருப்பின் அடி இளகும். ஏஜென்ட் காட்டும் வீடியோகூட அசலாகவே இருக்கலாம். ஆனால் சூடு இருப்பது வேறு, அதை எடுத்து விற்பது வேறு.

உங்கள் பக்கம் சீமைக்கருவேலங்கரி மூட்டம் போடுகிறவரைக் கேளுங்கள். மூட்டத்தில் ஓட்டை விழுந்தால் பதறிப்போய் ஈரமண் அப்புவார். அப்பாவிட்டால் விடியும்போது கரி இருக்காது, சாம்பல்தான். அங்கும் அதே கதை. குழாய் இறக்கிச் சூட்டுக் காற்றை உறிஞ்சினால் வெடிப்புகள் வழியே புதுக் காற்று புகும். நெருப்பு வளரும், தரை உள்வாங்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏஜென்ட் அதைத்தான் பிடித்துக்கொள்வார் என்பதால் விளக்கிவிடுகிறேன். இருமுனையும் அடைத்த இரும்புக் குழாயில் கொஞ்சம் நீர் வைத்து இறக்குவார்கள். அடியில் நீர் ஆவியாகும், மேலே குளிர்ந்து சூட்டை விட்டுவிட்டுத் திரும்பச் சொட்டும். இட்லிக் கொப்பரை மூடியில் நீங்கள் தினமும் பார்ப்பதுதான். காற்று உள்ளே போகாது, நிலக்கரியும் சற்று ஆறும். சீனாவின் சின்ஜியாங்கில் இப்படிச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சூடு அந்த இடத்திலேயே வெந்நீர் போட, எதையாவது உலர்த்த உதவும். நேராக மின்சாரமாக்கும் சில்லுகளோ 100 பங்கு வெப்பத்தில் ஏறக்குறைய 5 பங்கைத்தான் மின்சாரமாக்கும். நெருப்பும் ஓரிடத்தில் நிற்காது. நகர்ந்துவிட்டால் குழாய்தான் மிச்சம்.

பணகுடிக் காற்றாலையில் பணம் போடுகிறவர் இறக்கை சுற்றுவதையாவது பார்க்கலாம், மீட்டரைப் படிக்கலாம். உங்கள் ஏஜென்டிடம் சுரங்க நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தையும் மின்சாரம் வாங்குபவரின் ஒப்பந்தத்தையும் கேளுங்கள். “எல்லாம் டெல்லியில் நகர்கிறது” என்பார். ஜரியா மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் திட்டத்துக்கு 2009-இல் ஒப்புதல் கிடைத்தது. இன்றும் புகைக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டுகிறார்கள். ஆள் உயிருக்கான கோப்பே இப்படி ஊர்கிறது. உங்கள் 3 லட்சத்துக்கு எந்தக் கோப்பு ஓடப்போகிறது?

இரண்டு மாதம் பணம் ஒழுங்காக வந்ததாக யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது நெருப்பு தந்த பணமல்ல, அவருக்குப் பின்னால் சேர்ந்தவர் கட்டியது. ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், ரசீதை எடுத்துக்கொண்டு காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கு நாளைக் காலையே போங்கள்.