பூத்தும் காய்க்காத புலாசான்

கேள்வி: ஐயா, வீட்டுக்குப் பின்னால் புலாசான் பழமரம் நட்டு எட்டு வருஷமாகிறது. மூன்று வருஷமாக மரம் கொள்ளாமல் பூக்கிறது. ஒரு காய்கூடத் தங்கவில்லை. செம்பனைக்குப் போடுகிற உரத்தைத்தான் போடுகிறேன். பூ உதிராமலிருக்க ஹார்மோன் மருந்து அடிக்கச் சொல்கிறார் உரக்கடைக்காரர். ஒரு போத்தல் 90 வெள்ளி. எத்தனை தடவை அடிக்க வேண்டும்?
வாசகர், பாடாங் செராய்

பதில்: உங்கள் மரம் ஆணா பெண்ணா என்று அந்தக் கடைக்காரர் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்.

புலாசான் ரம்புத்தானுக்குப் பங்காளி. கொட்டை போட்டு முளைத்த ரம்புத்தானில் ஏறக்குறையப் பாதி ஆண் மரமாகிவிடும். புலாசானிலும் இந்தத் தொல்லை உண்டு. அடுத்த தடவை பூக்கும்போது ஒரு கொத்தை ஒடித்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவே இரட்டையாகப் புடைத்த குட்டிப் பிஞ்சும், அதன் உச்சியில் இரண்டாகப் பிரிந்த நுனியும் இருந்தால் பெண். வெறும் மகரந்தத் தண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். மரம் முழுக்க அதுவேயானால் 900 வெள்ளிக்கு மருந்தடித்தாலும் காய்க்காது.

ஒட்டுக் கன்று தாய் மரத்தைப் போலவே வரும். உங்கள் கன்று எந்தத் தாய் மரத்து ஒட்டு என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. டூரியான் வாங்கப் போனால் டி24 ரகமா, டி197 ரகமா என்று நோண்டி நோண்டிக் கேட்கிற நம் ஆட்கள், புலாசான் என்றதும் கிடைத்ததே பெரிது என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். விற்கிறவருக்கும் அது தெரியும். தின்று துப்பிய கொட்டையைப் பையில் ஊன்றி, 'காவின்' (மலாயில் ஒட்டுக் கன்று) என்று சீட்டுக் கட்டி, ஒட்டுக் கன்று விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்குப் பெயர் வியாபாரமில்லை. சீட்டை விடுங்கள், அடித்தண்டைப் பாருங்கள். ஒட்டுக் கன்றில் அடிப்பக்கம் தண்டு முழங்கை போல வளைந்து புடைத்திருக்கும். அதற்கு மேலும் கீழும் பட்டை ஒன்றுபோல் இருக்காது. அந்த அடையாளம் இல்லையா, வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆண் மரமானாலும் வேரோடு பிடுங்க வேண்டாம். மழைக்காலம் தொடங்கும்போது இடுப்பளவில் அறுத்துவிட்டு, துளிர்ப்பதில் நல்லதாக இரண்டு மூன்றை விட்டு, பென்சில் தடிமன் வந்ததும் காய்க்கும் மரத்துத் தளிர்க் கண்ணை எடுத்து ஒட்டுங்கள். பால்மரத்துக்குக் கண் ஒட்டிய பழைய ஆட்கள் உங்கள் பக்கத்தில் இருப்பார்கள், அதே கைவேலைதான். கண் எடுக்கும் மரம் காய்த்து நிற்பதை நேரில் பார்த்துவிட்டு எடுங்கள்.

பெண் மரமானால் மகரந்தப் பஞ்சமாக இருக்கலாம். ஹார்மோனுக்கு அங்கேதான் வேலை, கடைக்காரர் சொன்ன வேலைக்கல்ல. ரம்புத்தானில் பூ விரியும் சமயம் சில கொத்துகளுக்கு மட்டும் என்.ஏ.ஏ. என்ற ஹார்மோனைத் தெளிப்பார்கள். அந்தப் பூக்கள் மகரந்தம் விடும். தேனீ மற்றவற்றுக்குக் கொண்டுபோகும். மரம் முழுக்க அடித்தால் எல்லாப் பூவும் ஆணாகி, உள்ளதும் போகும்.

கொத்தில் வெள்ளை மாவு படிந்திருந்தால் அது பூஞ்சணம். தண்ணீரில் கலக்கித் தெளிக்கிற நனையும் கந்தகம் போதும். செம்பனை உரத்தின் மேல் பழி இல்லை. அடிமரத்தில் குவிக்காமல், கிளை நிழல் விழும் விளிம்பில் சுற்றித் தூவுங்கள்.