41-ஆவது பிரிவிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள அக்கா,

மதுரையில் மூன்று வருடமாகக் குடும்ப நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறேன். அயர்லாந்தின் கார்க் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் உரிமையும் குடும்பச் சட்டமும் முதுகலையாகப் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நீங்கள் அங்கே படித்தவர் என்று உங்கள் கட்டுரை ஒன்றில் பார்த்ததால் எழுதுகிறேன். என் சீனியர், "டைவர்ஸ் கேஸ் எந்த ஊரிலும் டைவர்ஸ் கேஸ்தானே. அந்த ஊர்ச் சட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வாய்?" என்கிறார். அம்மா நகையை அடகு வைத்துப் பணம் திரட்டுகிறார். அதனால் சீனியர் கேட்டது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கேயே வக்கீலாகப் பணியாற்ற முடியுமா? போவதற்கு முன் எதைப் படிக்க வேண்டும்?

க., மதுரை

அன்புள்ள க.,

அம்மாவின் நகை சம்பந்தப்பட்டது என்பதால் பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த முதுகலைப் பட்டம் அயர்லாந்தில் வழக்காடும் உரிமையைத் தராது. அங்கே வக்கீல்களில் இரண்டு வகை: கட்சிக்காரரிடம் பேசி வழக்கைத் தயாரிப்பவர் சொலிசிட்டர், பெரும்பாலும் நீதிமன்றத்தில் வாதாடுபவர் பாரிஸ்டர். சொலிசிட்டர் ஆவதற்கு அங்குள்ள சட்டச் சங்கத்தின் நுழைவுத் தேர்வில் எட்டுப் பாடங்கள். அரசியல் சாசனம், ஒப்பந்தம், குற்றவியல், சொத்து என்று போகும் அந்தப் பட்டியலில் குடும்பச் சட்டம் கிடையாது. பாரிஸ்டர் ஆவதற்கு டப்ளினில் கிங்ஸ் இன்ஸ் என்று தனி வழி. எந்த வழியில் போனாலும் இன்னும் சில வருடங்களும் செலவும் ஆகும். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால் மேலே படியுங்கள். எனக்கு நீங்கள் போக வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

உங்கள் சீனியர் சொல்வது விவாகரத்து விஷயத்திலேயே சரியில்லை. 1937-இல் வந்த அயர்லாந்து அரசியல் சாசனம் விவாகரத்தை அடியோடு தடை செய்திருந்தது. அதை நீக்க 1986-இல் நடந்த பொதுவாக்கெடுப்பு தோற்றது. 1995-இல் மறுபடி கேட்டபோது நாடு முழுவதற்குமாக 9,114 வாக்கு வித்தியாசத்தில்தான் ஜெயித்தது. அப்போதும் கடந்த ஐந்து ஆண்டுகளில் நான்கு ஆண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சாசனத்திலேயே எழுதி வைத்தார்கள். 2019-க்குப் பிறகுதான் அது மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டு என்று குறைந்தது. கொடுமை செய்தார், கைவிட்டுப் போனார் என்று நாம் தினமும் நிரூபித்துக்கொண்டிருக்கிறோமே, விவாகரத்துக்கு அங்கே அதெல்லாம் தேவையில்லை. ஆனால் மனைவிக்கும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் தக்க ஏற்பாடு ஆகிவிட்டது என்று நீதிபதிக்குத் திருப்தி வராமல் விவாகரத்து கிடைக்காது. இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு வந்தாலும் அவர் பார்த்தே ஆக வேண்டும்.

சரி, இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அரசு எந்த நோக்கத்தோடு சட்டம் இயற்ற வேண்டும் என்று சொல்லும் நம் அரசியல் சாசனத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் அயர்லாந்திலிருந்து வந்தவை என்று கல்லூரியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதே சாசனத்தில் நாம் எடுத்துக்கொள்ளாமல் விட்டது 41-ஆவது பிரிவு. குடும்பம்தான் சமூகத்தின் இயற்கையான, அடிப்படையான அலகு. அதன் உரிமைகள் மனிதர்கள் இயற்றிய எல்லாச் சட்டங்களுக்கும் முந்தியவை, மேலானவை என்கிறது அது. முதல்முறை படித்தபோது எனக்கு அழகாகத்தான் இருந்தது. குடும்பத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் சாசனமா என்று நினைத்தேன். அப்புறம் வழக்குகளைப் படிக்கப் படிக்க, இந்த மரியாதையில் குழந்தை எங்கே இருக்கிறது என்ற கேள்வி வந்தது. நீங்களும் இந்தப் படிப்பு முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

மூன்று வருடங்களைச் சொல்கிறேன்: 1993, 2006, 2012. மூன்றையும் கேத்தரின் மெக்கின்னஸ் என்ற ஒருவரை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

அயர்லாந்தின் கில்கென்னி பகுதியில் ஒரு பெண் சிறுமியாக இருந்த நாளிலிருந்து பதினைந்து வருடங்களுக்கு மேல் தந்தையின் வன்முறைக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளாகியிருந்தாள். காயங்களோடு மருத்துவமனைக்குப் பலமுறை போயிருந்தாள். யாரும் உள்ளே நுழைந்து தடுக்கவில்லை. 1993-இல் தந்தைக்குத் தண்டனை கிடைத்தபோது நாடே அதிர்ந்துபோனது. விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் மெக்கின்னஸ். சாசனம் குடும்பத்தைத் தூக்கிப் பிடிக்கும் விதத்தால், தெரிந்தோ தெரியாமலோ, குழந்தையின் உரிமையைவிடப் பெற்றோரின் உரிமைக்கு அதிக மதிப்புக் கிடைத்துவிடக்கூடும் என்று அந்த அறிக்கை சொன்னது. குழந்தைகளின் உரிமையைச் சாசனத்தில் எழுதுவதைப் பரிசீலிக்கவும் பரிந்துரைத்தது.

எதுவும் நடக்கவில்லை. வருடங்கள் போயின. மெக்கின்னஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். 2006-இல் அவர் உட்பட ஐந்து நீதிபதிகள் முன் 'பேபி ஆன்' வழக்கு வந்தது. வழக்குக்காக வைத்த பெயர் அது.

2004 ஜூலையில், திருமணமாகாத மாணவர்கள் இருவருக்குப் பிறந்தவள். அவர்கள் அவளைத் தத்துக் கொடுக்க முடிவு செய்தார்கள். நவம்பரில், தத்தெடுக்க விரும்பிய தம்பதியின் வீட்டுக்குப் போனாள். அடுத்த ஆண்டு பெற்ற தாய் மனம் மாறிக் குழந்தையைத் திருப்பிக் கேட்டார். 2006 ஜனவரியில் பெற்றோர் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அந்தத் திருமணம் வழக்கையே புரட்டிப் போட்டது. சாசனம் குடும்பம் என்று சொல்வது திருமணத்தின் மேல் எழுந்த குடும்பத்தை. அதுவரை தாய் ஒருபுறம், சாசன உரிமை ஏதுமில்லாத தந்தை ஒருபுறம் என்று இருந்தவர்கள் 41-ஆவது பிரிவின் முழுப் பாதுகாப்புள்ள குடும்பம் ஆகிவிட்டார்கள். குழந்தை வளரும் வீட்டிலேயே இருக்கட்டும் என்றது உயர் நீதிமன்றம். நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. திருமணமான பெற்றோரிடம் இருப்பதே குழந்தைக்கு நல்லது என்றுதான் சட்டம் அனுமானிக்கிறது. அதை உடைக்க மிக வலுவான காரணம் வேண்டும். இங்கே அது இல்லை என்றது. குழந்தைக்கு அப்போது இரண்டு வயது நான்கு மாதம். தன் அம்மா அப்பா என்று அவள் அறிந்தவர்களை விட்டுப் பிரிய வேண்டியிருந்தது.

பெற்ற தாயை நான் குறை சொல்லவில்லை. சின்ன வயதுக்காரி குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தவித்திருக்கிறாள். வளர்த்தவர்கள் மீதும் தவறில்லை. அதனால்தான் இந்தத் தீர்ப்பைப் படிப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. மெக்கின்னஸ் தன் தீர்ப்பில், தயக்கத்தோடும் வருத்தத்தோடும்தான் இந்த முடிவுக்கு வருகிறேன் என்று எழுதினார். சாசனத்தை மாற்றச் சொன்னவர்களில் தானும் ஒருத்தி என்பதை அவர் மறைக்கவில்லை. மாற்றாத வாசகத்தை வைத்து, அதற்கு உண்மையாக, தீர்ப்புச் சொன்னார். ஒரு நீதிபதியின் நேர்மை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பக்கங்களைத்தான் கொடுப்பேன்.

2012 நவம்பரில் மக்கள் குழந்தைகளின் உரிமையைச் சொல்லும் 42ஏ பிரிவைச் சாசனத்தில் சேர்க்க வாக்களித்தார்கள். வாக்களிக்க வந்தவர்களே மூவரில் ஒருவர்தான். அவர்களில் 58 சதவீதம் ஆதரவு. பிரசாரத்துக்கு அரசு செலவு செய்த விதம் தவறு என்று உச்ச நீதிமன்றம் வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு சொன்னது. அதை வைத்து முடிவையே எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அது முடிந்து பிரிவு சாசனத்தில் ஏற 2015 ஆகிவிட்டது. எல்லாக் குழந்தைகளுக்கும் இயற்கையான உரிமைகள் உண்டு, பெற்றோர் திருமணமானவர்களா இல்லையா என்று பார்க்காமல் அரசு தலையிடலாம், தத்து, கஸ்டடி (குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பது) போன்ற வழக்குகளில் குழந்தையின் நலனே முதன்மை, குழந்தையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று அது சொல்கிறது. திருமணமான பெற்றோர் தாங்களே விரும்பிக் குழந்தையைத் தத்துக் கொடுக்க வழிசெய்த சட்டமும் அதைத் தொடர்ந்து 2017-இல் வந்தது. அதுவரை அவர்கள் பிள்ளையைக் கைவிட்டார்கள் என்று நிரூபித்தாக வேண்டும். வளர்ப்பு வீட்டிலேயே பல வருடம் வளர்ந்தும் அந்த வீட்டுப் பிள்ளை ஆக முடியாமல் போன குழந்தைகளை நினைத்துப் பாருங்கள்.

41-ஆவது பிரிவு குடும்பத்தைத் திருமணத்தோடு கட்டி வைத்திருப்பது மட்டும் அப்படியே நிற்கிறது. 2024 ஜனவரியில், துணை இறந்துபோய் மூன்று பிள்ளைகளோடு தனித்து நின்ற ஒருவருக்கு, இருபது வருடம் கூட வாழ்ந்த துணையை மணக்கவில்லை என்பதற்காக ஓய்வூதியம் மறுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சில வாரங்களில், திருமணத்துக்கு வெளியே உள்ள குடும்பங்களையும் சாசனத்தில் சேர்க்கலாமா என்று கேட்ட பொதுவாக்கெடுப்பில் 67 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றார்கள். நீங்கள் போய் உட்காரும் வகுப்பில் இந்த விவாதம் இன்னும் சூடாகவே இருக்கும்.

இரண்டு நடைமுறை விஷயங்கள். மாவட்ட நீதிமன்றம் என்ற பெயரைப் பார்த்து நம் ஊர் நினைப்பில் ஏமாறாதீர்கள். அங்கே அது அடிமட்ட நீதிமன்றம். குழந்தையை வீட்டிலிருந்து எடுத்து அரசுப் பராமரிப்பில் வைக்க, குழந்தைகள் நல அமைப்பான துஸ்லா 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆணை கேட்டுப் போவது பெரும்பாலும் அங்கேதான். எழுத்துத் தீர்ப்பு அங்கே அபூர்வம். விசாரணை மூடிய அறையில் நடக்கும்; நீங்கள் போய்ப் பின்வரிசையில் உட்கார முடியாது. அதனால் பாடப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் மேலே வரை போன சில குடும்பங்களின் கதைதான். கீழே நடப்பதைப் பார்க்க, பத்திரிகையாளர் கேரல் கோல்டர் 2012-இல் தொடங்கிய குழந்தைகள் நல வழக்கு அறிக்கைத் திட்டத்தின் பதிவுகளைப் படியுங்கள். பெயர், ஊர் எல்லாம் நீக்கிய பதிவுகள், இணையத்தில் இலவசம். குடிக்கு அடிமையான தாய், மனநோயுள்ள தந்தை, மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்கும் வெளிநாட்டுக் குடும்பம் எல்லாம் அதில் வரும். ஒரு நாளைக்கு இரண்டு பதிவுக்கு மேல் என்னால் படிக்க முடிந்ததில்லை.

மதுரையில் இதனால் என்ன பயன் என்று கேட்டால், நான் திரும்பி வந்து எடுத்த முதல் கஸ்டடி வழக்கைச் சொல்கிறேன். மனுவை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். கணவன் செய்தது, மனைவி செய்தது, மாமியார் சொன்னது எல்லாம் பதினான்கு பக்கம். ஏழு வயதுப் பையன் எந்தப் பள்ளியில் படிக்கிறான், இரவில் யாரோடு தூங்குகிறான் என்று ஒரு வரி இல்லை. கிழித்துவிட்டு, அவனிடமிருந்து தொடங்கி மறுபடி எழுதினேன்.

போவதற்கு முன் 41, கல்வியைப் பற்றிய 42, 42ஏ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அப்புறம் 2006 தீர்ப்பில் மெக்கின்னஸ் எழுதிய பகுதி. நகையை அடகு வைக்கும் முன் கல்விக் கட்டணம் போக வீட்டு வாடகைக்கு எவ்வளவு ஆகும் என்று அங்கே இருக்கும் மாணவர்கள் இரண்டு பேரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். கார்க்கில் அறை கிடைப்பது சுலபமில்லை.

அன்புடன்,
அக்கா