ஹெச்-1பி ஆறு வருஷக் கணக்கு: ஊரில் இருந்த நாட்கள் சேருமா?

அமெரிக்காவில் ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருக்க ஆறு வருஷம்தான் உச்சவரம்பு. அதில் இருக்கும் வாசகர்கள் அனுப்பியதில், நாள் கணக்கு சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொருவர் கேஸும் வேறு, அதனால் மனு போடுவதற்கு முன் தேதிகளை உங்கள் வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.

ஹெச்-1பி 2020 அக்டோபர் 1-ல் ஆரம்பித்தது. நடுவில் அப்பாவுக்கு ஆபரேஷன், தங்கை கல்யாணம் என்று பல தடவை ஊருக்கு வந்துபோனேன். 2026 செப்டம்பர் 30-ஓடு முடிந்தது என்கிறார் ஹெச்.ஆர். அவ்வளவுதானா?

இல்லை. ஆறு வருஷம் என்பது ஹெச்-1பியில் நீங்கள் அமெரிக்காவுக்குள் இருந்த காலம் மட்டும்தான். வெளியே கழிந்த முழு நாட்களைத் திரும்பக் கேட்டு வாங்கலாம், இதைத்தான் ரீகேப்சர் என்கிறார்கள். ஆபரேஷனோ கல்யாணமோ சும்மா லீவோ, எதற்காகப் போனீர்கள் என்பது பிரச்சினையே இல்லை. ஆனால் முழு நாளாக இருக்க வேண்டும். மார்ச் 10 இரவு சிகாகோவில் விமானம் ஏறி, மார்ச் 31 காலை அங்கேயே வந்து இறங்கினால், ஏறிய நாளும் இறங்கிய நாளும் அமெரிக்கக் கணக்கில் போய்விடும். 11 முதல் 30 வரை உள்ள 20 நாள்தான் உங்களுடையது.

இது தானாகச் சேராது. நிறுவனம் நீட்டிப்பு மனு போடும்போதே பயணத் தேதிகளை அட்டவணையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வைத்துக் கேட்க வேண்டும். ஐ-94 (அமெரிக்கா வந்து இறங்கும்போது போடப்படும் வருகைப் பதிவு) பயண வரலாறு, போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரை எல்லாம் உதவும். அமெரிக்க விமான நிலையங்களில் இப்போது பல இடங்களில் முத்திரையே குத்துவதில்லை, அதனால் சென்னையிலோ திருச்சியிலோ விழுந்த முத்திரைக்கு மதிப்பு அதிகம். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் மாதங்களை விட்டுவிட்டுப் பெட்டி கட்டுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

கம்பெனி மாறினால் ஆறு வருஷம் புதிதாக ஆரம்பிக்குமா?

ஆரம்பிக்காது. கணக்கு ஆளுக்குத்தான், கம்பெனிக்கு இல்லை.

ஓபிடியில் இருந்தேன், அப்புறம் எல்-1பியில் 3 வருஷம், இப்போது ஹெச்-1பி. நடுவில் சில மாதம் ஹெச்-4. எதெல்லாம் சேரும்?

ஓபிடி, அதாவது படிப்பை ஒட்டி வேலை பார்க்கும் அனுமதி, மாணவர் விசாவின் பகுதி, சேராது. ஹெச்-1பிக்காரரின் கணவன் அல்லது மனைவியாக ஹெச்-4ல் இருந்த காலமும் 2006 டிசம்பரில் வந்த விளக்கத்துக்குப் பிறகு சேர்வதில்லை. நிறுவனம் தன் வெளிநாட்டுக் கிளையிலிருந்து ஆளை மாற்றிக் கொண்டுவரும் எல்-1 விசாக் காலம் மட்டும் சேரும். எல்-1பிக்கு 5 வருஷம், எல்-1ஏக்கு 7, ஹெச்-1பிக்கு 6 என்று உச்சவரம்புகள் தனித்தனியாக இருந்தாலும், எல், ஹெச் இரண்டிலும் இருந்த காலத்தை ஒன்றாகக் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஆக உங்களுக்கு ஹெச்-1பியில் மீதி 3 வருஷம், அதோடு எல்-1பி நாட்களில் வெளியே இருந்ததையும் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

ஆறாவது வருஷம் முடிய 8 மாதம் இருக்கிறது. கிரீன் கார்டு வேலையை ஆரம்பித்துவிட்டோம் என்கிறார்கள். நீட்டிப்பு கிடைக்குமா?

'ஆரம்பித்துவிட்டோம்' என்ற சொல்லை நம்பி உட்காராதீர்கள், பெர்ம் (கிரீன் கார்டுக்காக நிறுவனம் தொழிலாளர் துறையிடம் போடும் விண்ணப்பம்) எந்தத் தேதியில் ஃபைல் ஆனது என்று கேளுங்கள். சம்பள நிர்ணயம், விளம்பரம் என்று அதற்கு முன்னாலேயே பல மாதம் ஓடிவிடும், அதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. 2000-ல் வந்த சட்டப்படி, பெர்மோ, அதற்கு அடுத்த கட்ட மனுவான ஐ-140யோ ஃபைலாகி 365 நாள் ஆகியிருந்தால் ஆறு வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு வருஷமாக நீட்டலாம். ஐ-140 அப்ரூவ் ஆகி, இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசையில் உங்கள் பிரயாரிட்டி டேட் (வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி) இன்னும் வரவில்லை என்றால் ஒரே தடவையில் 3 வருஷம் வரை கிடைக்கும்.

உங்கள் விஷயத்தில், பெர்ம் இன்றைக்கே ஃபைலானாலும் நாலு மாதம் இடிக்கிறது. முதலில் ரீகேப்சர் நாட்களை எண்ணுங்கள், பலருக்கு அதிலேயே இடைவெளி அடைபட்டுவிடும். போதவில்லை என்றால், மிச்ச நாட்களை வெளிநாட்டில் இருந்து கழித்துவிட்டு 365 நாள் ஆனதும் நீட்டிப்போடு திரும்பலாம், அல்லது கணவரோ மனைவியோ ஹெச்-1பியில் இருந்தால் ஹெச்-4க்கு மாறிக் காத்திருக்கலாம். இதைப் படிக்கும் மற்றவர்கள் நான்காம் வருஷத்திலேயே பெர்ம் பேச்சை எடுத்துவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

4 வருஷம் ஹெச்-1பியில் இருந்துவிட்டு 2023-ல் ஊருக்கு வந்துவிட்டேன். திரும்பிப் போனால் மறுபடி லாட்டரியா?

மீதி 2 வருஷத்துக்குப் போவதென்றால் பொதுவாக லாட்டரி, அதாவது வருடாந்தர ஹெச்-1பி ஒதுக்கீட்டுக்கான குலுக்கல், தேவையில்லை. வெளியே முழுசாக ஒரு வருஷம் இருந்துவிட்டதால் புதிதாக ஆறு வருஷமும் கேட்கலாம், ஆனால் அதற்கு லாட்டரி உண்டு. இடையில் சுற்றுலா விசாவில் அமெரிக்கா போய் வந்த நாட்கள் அந்த ஒரு வருஷத்தில் சேராது, அத்தனை நாளைக் கூடுதலாக வெளியே இருந்திருக்க வேண்டும். இன்னொரு விஷயம், 2025 செப்டம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஜனாதிபதி உத்தரவு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் போடும் புது மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டச் சொன்னது. அது உங்களுக்குப் பொருந்துமா என்று நிறுவனத்திடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

விசா ஸ்டாம்பிங் 2027 வரை இருக்கிறது, ஐ-94 மட்டும் 2026 என்று காட்டுகிறது. எது செல்லும்?

ஐ-94. பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசாவான ஸ்டாம்பிங் உள்ளே நுழையக் கேட்பதற்கு, எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஐ-94தான் சொல்லும். அநேகமாக உங்கள் பாஸ்போர்ட் 2026-ல் முடிகிறது, அதனால் அந்தத் தேதியோடு வெட்டியிருப்பார்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, ஐ-94 தேதிக்கு முன்பே ஒருமுறை வெளியே போய்த் திரும்புங்கள், இல்லையென்றால் அந்தத் தேதிக்குள் நீட்டிப்பு மனு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவை வந்து இறங்கியதும் அன்றைக்கே ஐ-94ஐத் தரவிறக்கிப் பாருங்கள்.